தூக்குவதும் இறக்குவதும்

எங்கள் பள்ளி விளையாட்டு அறையில் தலா 10 கிலோவில் ஒரு ஜோடி டம்பெல் துருப்பிடித்துக் கிடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதுகை வளைத்து, ஒன்றை வீசித் தூக்கினான். நானும் கைதட்டினேன். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். தவறு என்னுடையது.

அதன்பின் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினோம். எடை 1 கிலோ. மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று எண்ணித் தூக்கி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது. கையைத் தொப்பென்று விட்டால் பாதிப் பயிற்சி வீண். பத்து முறைக்குள் உடம்பு ஆடினால், அந்தப் பிள்ளைக்கு அந்த எடை அதிகம்.

எடை தூக்கினால் பிள்ளை வளராது என்று பெற்றோர் அஞ்சுவார்கள். மேற்பார்வையோடு அளவான எடையில் செய்தால் வளர்ச்சி தடைபடாது. 5 முதல் 17 வயதினருக்கு வாரம் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மாணவிகளுக்கும் சேர்த்துத்தான், அவர்களை மரத்தடியில் உட்காரவைத்து விடாதீர்கள்.

இப்போது எங்கள் ஆறாம் வகுப்புக்கு எண்ணிக்கை சொல்பவன் அதே மாணவன்தான். இறக்கும்போது மூன்றுக்குப் பதில் நான்கு எண்ணுகிறான்.