நிறம் என்றொரு கட்டம்

நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மாபுரம்தான் என் ஊர். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் ஆயாக்கள் முதலில் காதுமடலைத் திருப்பிப் பார்ப்பார்கள். மடல் ஓரம் கறுத்திருந்தால், "போகப் போகக் கறுத்துடும்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாய்க்கு மாதக்கணக்கில் குங்குமப்பூப் பால் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு தீர்ப்புக்குப் பயந்துதான்.

பிறந்த பிள்ளையின் நிறம் சில மாதங்களில் கூடுவது உண்மை. மெலனின் என்ற நிறமி பிறந்த பிறகுதான் தோலில் முழு அளவில் உண்டாகிறது. குங்குமப்பூவுக்கு இதில் வேலையே இல்லை. நிறத்துக்கான மரபணுக்கள் கரு உருவான அன்றே சேர்ந்துவிடுகின்றன.

கறுப்பரோ வெள்ளையரோ, நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் உண்டாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. நம் கருமுடியில் நிறைந்திருப்பது யூமெலனின் என்ற வகை. ஐரோப்பியர் சிலரின் செம்முடிக்கு எம்.சி.1.ஆர் என்ற மரபணுவில் வந்த மாற்றங்கள் காரணம்.

2005இல் அமெரிக்காவில் கீத் செங் குழுவினர், வரி வெளிறிய ஒரு வரிக்குதிரை மீனை ஆராயப்போய், மனிதத் தோலின் நிறத்தையும் மாற்றும் எஸ்.எல்.சி.24.ஏ.5 மரபணுவைக் கண்டார்கள். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் அதையே தென்னிந்தியர் 1,228 பேரிடம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவர்களிடையே காணும் நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்துக்கு அந்த மரபணுவின் ஓர் எழுத்து மாற்றமே காரணம் என்று தெரிந்தது. ஐரோப்பியரிடமும் நம்மவரிடமும் உள்ள வெளிர்நிற வடிவம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள்.

மாநிறத் தாய் தகப்பனுக்கு ஒரு மகள் சிவப்பாகவும் ஒரு மகள் கறுப்பாகவும் பிறப்பது இப்படித்தான். தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணுவின் இரண்டு வடிவமும் இருக்கலாம். எது எந்தப் பிள்ளைக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனாலும் ஒருத்தியைக் கொஞ்சுகிறோம், மற்றவளை "கறுப்பி" என்று கூப்பிடுகிறோம். அவளுக்கு வரன் பார்க்கும் நாள்வரை அந்தப் பேச்சு ஓய்வதில்லை. இது கொடுமை.

சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் கவசம். புற ஊதாக் கதிர் உடலின் ஃபோலேட் என்ற சத்தை அழிக்காமல் மெலனின் காக்கிறது என்பது மானிடவியலாளர் நீனா ஜப்லான்ஸ்கியின் விளக்கம். குளிர்நாட்டில் இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தோல் வைட்டமின் டி உண்டாக்க அதிக நேரம் வெயில் தேவை. குளிர்காலத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தமிழ்ச் சங்கத்தின் பொறுப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் திருமணத் தகவல் படிவத்தில் படிப்புக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே "நிறம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் படிவம் அச்சுக்குப் போகுமுன் அதை எடுத்துவிடுங்கள்.