சிறுதேரும் சரக்குப் பெட்டியும்



பத்தாண்டு நிறைவு விழாவில் தமிழ்ப் பேராசிரியை ஒருத்தி சங்க இலக்கியம் பற்றியோ பாரதி பற்றியோ பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், மாதிரி ரயிலுக்குச் சரக்குப் பெட்டி செய்து வண்ணம் தீட்டும் கலை. பாட்டரங்கில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று சிலர் முறுவலிப்பதும் தெரிகிறது. வேலை இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர்களே நம் புலவர்கள்தாம்.

பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூன்றுகால் சிறுதேர் வருகிறது. முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, அந்தத் தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தச்சன் செய்த சிறுதேர் வருகிறது. அதில் ஏறிச் செல்லும் இன்பம் சிறுவர்க்கு இல்லை. கையால் இழுத்து மகிழும் இன்பமே உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயரிட்டது. மண்வண்டியைப் பெயராகக் கொண்ட வடமொழி மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார்.

இவை எல்லாவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது பெரும்பாணாற்றுப்படை. அங்கும் ஏறிச் செல்ல இயலாத விளையாட்டுத் தேர் ஒன்று வருகிறது. அதன் சிறப்பைச் சொல்லவந்த புலவர், பொன் பதித்தது என்றோ மன்னன் மகன் விரும்பியது என்றோ சொல்லவில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி புனைந்த தேர் என்கிறார். நுட்பம் இங்கேதான் உள்ளது. உளியும் மரமும் தச்சர் பிள்ளை நாள்தோறும் காண்பவை. எந்தப் பொருத்து சரி, எது பிழை என்பது அவனுக்குத் தெரியும். அறியாதவனை மயக்குதல் எளிது. அறிந்தவனை ஆசைப்பட வைப்பதே அரிது. ஒரு படைப்புக்கு இதைவிடக் கடிய தேர்வை எந்த இலக்கணநூலும் வைத்ததாக நான் அறியேன். இந்தத் தேர்வுக்கு நாள்தோறும் உட்படுபவர்கள் மாதிரி ரயில் செய்வோர்.

உலகில் பரவலாகப் புழங்கும் அளவு எண்பத்தேழில் ஒன்று. நிலக்கரி ஏற்றிச் செல்லும் நம் பாக்ஸ்-என் வகைப் பெட்டி ஏறத்தாழ 10.7 மீட்டர் நீளமுடையது. இந்த அளவில் அது 12.3 சென்டிமீட்டராகி உள்ளங்கையில் அடங்கிவிடும். பிளாஸ்டிக் தகட்டை வெட்டிச் சுவர் எழுப்புவார்கள். அதை வெளிப்புறம் தாங்கும் நிலைக்கம்பிகளைப் பட்டை பட்டையாக ஒட்டுவார்கள். அடியில் அச்சு, சக்கரம், பிரேக் தண்டு. இரு முனையிலும் கப்ளிங். நிலைக்கம்பிகளுள் ஒன்று குறைந்தாலும், ரயில்வே யார்டில் பணிபுரிந்தவர் கையில் எடுத்ததும் சொல்லிவிடுவார். பாவுக்கு எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு உறுப்புகளை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். தொல்காப்பியர் முப்பத்து நான்கு எண்ணினார். உறுப்பறியாமல் உருவம் இல்லை என்பது இரு தொழிலுக்கும் பொது.

இனி வண்ணம். புதுப் பெட்டி செங்காவி நிறமுடையது. அந்த நிறத்தை மட்டும் பூசி நிறுத்தினால் பெட்டி கடைப் பொம்மையாகவே இருக்கும். எனவே முதற்பூச்சு உலர்ந்தபின் இரண்டாம் வேலை தொடங்குகிறது. கறுப்பையும் பழுப்பையும் நீர்போல் கரைத்துப் பெட்டி முழுதும் ஓடவிடுவார்கள். அது மூலைகளிலும் இடுக்குகளிலும் தங்கும். எஞ்சியதை மேலிருந்து கீழாகத் துடைப்பார்கள். மழைநீர் வழிந்த திசை அதுவே. பின்பு தூரிகையின் வண்ணத்தை ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, விளிம்புகளை மட்டும் வருடுவார்கள். தேய்ந்த இரும்பு தெரியும். சக்கரத்தருகே பிரேக் கட்டை உதிர்த்த துருப்பொடி நிறம். உட்சுவரில், நிலக்கரி உரசி வண்ணம் போன இடத்தில், துருவும் கரியும் கலந்த நிறம்.

எந்தப் பெட்டிக்கு எந்த அழுக்கு என்பதிலும் ஒழுங்குண்டு. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொணரும் பெட்டியின் அழுக்கு கறுப்பு. சேலத்து வெள்ளைக்கல் ஏற்றிய பெட்டி என்றால் விளிம்பெல்லாம் வெண்பொடி படிந்திருக்க வேண்டும். அந்தக் கல்லின் ஆங்கிலப் பெயரால் மேக்னசைட் ஜங்ஷன் என்றொரு நிலையமே சேலத்தருகே உள்ளது. ஆக, அழுக்கும் ஊரைச் சொல்லும். எங்கும் ஒரே கறுப்பைத் தடவுகிறவர், உழைப்பைப் பற்றிப் பொதுவாக இரங்கும் கவிதையை எழுதுகிறவர்.

நிலையத்துக்கும் இதுவே நெறி. மஞ்சள் பலகையில் மும்மொழியில் ஊர்ப்பெயர், கடல்மட்டத்திலிருந்து உயரம், சிமென்ட் இருக்கை, தீயணைக்கும் சிவப்பு வாளிகள், மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. பலகையில் ஒரு சாண் உயரமுள்ள எழுத்து மாதிரியில் இரண்டரை மில்லிமீட்டரே வரும். ஆனால் எல்லாமும் இப்படிக் குறுகுவதில்லை. உண்மை மணலைத் தூவினால் சின்னஞ்சிறு நிலையத்தில் அது பாறைக்குவியலாகத் தெரியும். உண்மை நீர்த்துளி மனித உருவத்தின் தலையளவு இருக்கும். பெரிய பெட்டியின் அதே வண்ணத்தைப் பூசினால் சிறியது இருண்டு காணும். சிறிது வெண்மை கலந்தால்தான் தொலைவில் நிற்கும் பெட்டி போல் ஆகும். உண்மையை அப்படியே கொண்டுவந்து கொட்டுவதால் உண்மை தோன்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், 1435 மில்லிமீட்டர் கொண்ட அயல்நாட்டுப் பாதையின் அளவு அது. எனவே நம் பெட்டிகள் பெரும்பாலும் இரவல் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஐக்கூ எழுதும் நண்பர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்; அவர்களை நான் குறை கூறவில்லை. தண்டவாளம் இரவலாக இருக்கலாம். அதன்மேல் நிற்கும் பெட்டி நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? ராய் இங்கிலாண்ட் என்னும் ஆஸ்திரேலியர் 1925இல் இங்கிலாந்து சென்றார். அங்கே வெண்குதிரைப் பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த வீடுகள் உருமாறி அழிவதைக் கண்டு வருந்தி, அவற்றை மாதிரியாகச் செய்யத் தொடங்கினார். அதிலிருந்து 1954இல் பெண்டன் அருங்காட்சியகம் பிறந்தது. அந்த வட்டாரத்தின் 1930ஆம் ஆண்டையொட்டிய வாழ்வு அங்கே எழுபத்தாறில் ஒரு பங்காக நிற்கிறது. நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி குடும்பத்தார் அமைத்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் உள்ளது.

நம் சமவெளிக்கு வருவோம். 1861இல் சேலத்துக்கு ரயில் வந்தது. சேலம் விருத்தாசலம் மீட்டர்கேஜ் பாதையும் கைகாட்டி மரங்களும் நம்மில் பலர் கண்ணாரக் கண்டவை. அந்தப் பாதை அகலப்பாதையாகிவிட்டது. கைகாட்டியின் இடத்தில் வண்ண விளக்குகள் நிற்கின்றன. நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடியது 2013இல்தான். நாமக்கல் கவிஞர் இராமலிங்கனார் 1888இல் பிறந்த மோகனூர், தன் ரயிலுக்கு நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. அவர் ஓவியர் என்பதையும் இங்கே நினைவுகூர்கிறேன். தூரிகையும் எழுதுகோலும் ஒரே கையில் இருந்த மண் இது.

ரயில் வராத காலத்திலும் வண்டி கட்டிய மண் இது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் லாரிக்குப் ‘பாடி கட்டுதல்’ என்பார்கள். பாட்டையும் நாம் ‘கட்டுதல்’ என்றே சொல்கிறோம். ஆனால் அந்தப் பட்டறைச் சொற்களுள் எத்தனை நம் கவிதைக்குள் வந்திருக்கின்றன? மாட்டுவண்டியின் நுகத்தடி, ஏர்க்கால், குடம், ஆரக்கால், கடையாணி ஆகியவற்றை இன்றைய மாணவிக்கு நான் படம் வரைந்தே விளக்க வேண்டியிருக்கிறது. லாரிக்கும் ரயிலுக்கும் அந்நிலை வருமுன் விழித்துக்கொள்ள வேண்டாவா? நம் ரயில் கவிதைகளில் பிரிவு இருக்கிறது, கையசைப்பு இருக்கிறது. ரயில் மட்டும் இல்லை.

‘கப்ளிங்’, ‘சேசிஸ்’ போன்றவை தமிழ்ச்சொற்கள் அல்லவே என்று ஆன்றோர் வினவலாம். கலைச்சொல்லாக்கத்தை நான் மதிக்கிறேன், கற்பித்தும் வருகிறேன். ஆயினும் தொழிலாளி வாயில் வழங்கும் சொல்லைக் குறித்துவைக்குமுன் அதன் இடத்தில் புதுச்சொல்லை அமர்த்திவிட்டால், நாளை அவர் பிள்ளை நம் கவிதையைப் படித்து, இது என் தந்தையின் பட்டறை அன்று என்பான். தச்சர் பிள்ளையின் தேர்வில் நாம் தோற்றுவிடுவோம்.

ஆதலின் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பட்டறையோ நிலையமோ சென்று, அங்கு வழங்கும் சொற்களை, அவை குறிக்கும் உறுப்பின் படத்தோடு தொகுக்க வேண்டும். அது அகராதியாகட்டும். அதிலிருந்து எழும் கவிதைகளை, சொல் தந்தவர்களை அழைத்து அவர்கள் முன்னிலையில் படிப்போம். அவர்கள் தலையசைத்தால் அச்சுக்குத் தருவோம். அந்தப் பணியில் முதற் சங்ககிரிப் பயணத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.