தெரியாதவங்களோட வீடியோ பேச எந்த ஆப்?

கண்ணமங்கலத்துல இருந்து பேசறேன். போன வாரம் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. "அண்ணா, முன்பின் தெரியாதவங்களோட வீடியோல பேசற மாதிரி, காசு கட்டாத ஆப் ஒண்ணு சொல்லுங்க. இங்கிலீஷ் பேசிப் பழகணும்." அவ்வளவுதான். கடையில எனக்கு உதவியா இருக்கிற பையன் அதைக் கேட்டுட்டு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இது தப்பான கேள்வி இல்லை. ஆரணியிலயோ வேலூர்லயோ காலேஜ் முடிச்சிட்டு இன்டர்வியூவுக்கு அலையற பிள்ளைக்கு, இங்கிலீஷ்ல பேசிப் பார்க்க வீட்டுல ஆள் கிடையாது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசினா "பெரிய தொரை"ன்னு கிண்டல். யாருன்னே தெரியாதவர்கிட்ட அந்தக் கூச்சம் இல்லை.

2009-ல அமெரிக்காவுல லீஃப் கே-புரூக்ஸ்னு 18 வயசுப் பையன் ஒமேகிளை ஆரம்பிச்சான். அதே வருஷக் கடைசியில மாஸ்கோவுல 17 வயசு ஆந்த்ரே தெர்னோவ்ஸ்கி சாட்ரவுலட்டைக் கொண்டுவந்தான். பேர் சொல்ல வேணாம், நம்பர் தர வேணாம். பட்டனை அமுக்கினா எங்கேயோ இருக்கிற ஒரு முகம் வரும். லாக்டவுன் நேரத்துல நம்ம தமிழ்ப் பசங்களும் அதுல நிறைய உட்கார்ந்திருந்தாங்க. 2023 நவம்பர்ல ஒமேகிளை மூடிட்டாங்க. 11 வயசுல அந்தத் தளம் மூலமா ஒரு ஆள்கிட்ட மாட்டி, வருஷக்கணக்கா கொடுமை அனுபவிச்ச ஒரு பொண்ணு, வளர்ந்த பிறகு வழக்குப் போட்டாங்க. அது சமரசமா முடிஞ்சப்போதான் தளமும் மூடினது. அந்த இடத்தைப் பிடிக்க இப்போ எத்தனையோ ஆப் வந்து நிக்குது.

அதுல எதை எடுக்கறது? நான் முதல்ல பார்க்கறது, இது எப்படிச் சம்பாதிக்குதுன்னு. உள்ளே போறது இலவசம்தான். கொஞ்ச நேரத்துல "காயின் வாங்கு"ன்னு வரும். சில ஆப்புல எதிர்ல பேசறவங்களுக்கே நிமிஷக் கணக்குல காசு. அப்போ அவங்க உங்களை விடாமப் பேச வைக்கத்தான் பார்ப்பாங்க, உங்க இங்கிலீஷ் வளர்ந்தா அவங்களுக்கு என்ன?

அடுத்தது பர்மிஷன். வீடியோ பேச கேமராவும் மைக்கும் போதும். கான்டாக்ட்ஸ் எதுக்கு? கேலரி எதுக்கு? கேட்டா "வேண்டாம்"னு அமுக்குங்க. அதுக்கப்புறம் ஓட மாட்டேன்னு ஆப் அடம் பிடிச்சா, அப்பவே தூக்கிடுங்க. ஃபேஸ்புக் கணக்கு வழியா உள்ளே போகாதீங்க, உங்க சொந்தக்காரங்க பட்டியல் மொத்தமும் அங்கேதான் இருக்கு.

இவ்வளவு பார்த்து எடுத்தாலும் ஒரு ஓட்டை இருக்கு. எதிர்ல இருக்கிறவர் ஸ்கிரீனை ரெக்கார்டு பண்ணினா எந்த ஆப்பாலயும் முழுசாத் தடுக்க முடியாது. அதோட, "இங்கே நெட்வொர்க் சரியில்லை, வாட்ஸ்அப்புக்கு வா"ன்னு கூப்பிடுவாங்க. போனீங்கன்னா உங்க நம்பர் அவங்க கையில.

சிரிப்பு வரலைன்னு சொன்னேனே, அது இதனாலதான். ரெண்டு வருஷம் முன்னாடி, ஷட்டரை இறக்கற நேரம், ஒரு தம்பி வந்தான். "அண்ணா, நம்பரை மாத்தினா பழைய நம்பர்ல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடுமா?"ன்னு கேட்டான். கை நடுங்குது. உட்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்தேன். இங்கிலீஷ் பழகத்தான் போயிருக்கான். ஒரு பொண்ணு, வாட்ஸ்அப், வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடினது ஏற்கெனவே எடுத்து வெச்ச வீடியோ. இந்தப் பக்கம் இவன் நிஜம். பத்து நிமிஷத்துல மிரட்டல். மறுநாள் "டெல்லி சைபர் போலீஸ்"னு ஒருத்தன் பேசறான், கேஸ் போடாம இருக்கப் பணம் வேணுமாம். அவனும் அதே கும்பல்தான். முதல்ல 5,000, அப்புறம் 8,000. ரெண்டாவது, அம்மா சீட்டு கட்ட வெச்சிருந்த பணம். இப்போ 20,000 கேக்கறாங்க.

இனி ஒரு ரூபா அனுப்பாதேன்னேன். பணம் கொடுத்தா நிறுத்த மாட்டாங்க, இன்னும் கறக்கலாம்னுதான் நினைப்பாங்க. பிளாக் பண்றதுக்கு முன்னாடி நம்பர், சாட், யுபிஐ விவரம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். எதையும் அழிக்க விடலை. உடனே 1930-க்குப் போன் பண்ணோம். பணம் போன கொஞ்ச நேரத்துலயே சொன்னா, கணக்குல நிக்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார். 18 வயசு தாண்டினவங்களுக்கு ஸ்டாப் என்சிஐஐன்னு ஒரு இலவசத் தளமும் இருக்கு. வீடியோ உங்க போனை விட்டு வெளியே போகாது. அதோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வெச்சு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி அதுல சேர்ந்த கம்பெனிங்க தடுத்து நிறுத்தும்.

மிரட்டினவன் சொன்னபடியே ஒருத்தருக்கு அனுப்பிட்டான், அவன் அக்காவுக்கு. கடையில உட்கார்ந்திருக்கும்போதே அக்கா நம்பர் அடிக்குது. இவன் எடுக்கவே இல்லை. மூணாவது தடவை நான்தான் எடுத்து அவன் காதுல வெச்சேன். அந்தப் பக்கம் கேட்ட முதல் வார்த்தை, "சாப்டியாடா?" அதுக்கப்புறம்தான் அழுதான். அவன் அழுது முடிச்சப்புறம் "போலீஸுக்குச் சொல்லிட்டியா?"ன்னு கேட்டாங்க. 8,000 ரூபா வங்கியில முடங்கி, பல மாசம் கழிச்சு வந்துச்சு. 5,000 போனது போனதுதான்.

மெசேஜ் அனுப்பின தம்பிக்கு என் பதில் இதுதான். இங்கிலீஷ்தான் வேணும்னா, பட்டனை அமுக்கினா முகம் வர்ற ஆப் வேண்டாம். டேண்டம், ஹலோடாக் மாதிரி மொழி பழகற ஆப் இருக்கு, இலவசமாவே ஆரம்பிக்கலாம். அங்கேயும் வழிஞ்சுக்கிட்டு வர்றவங்க உண்டு, ஆனா முதல்ல எழுத்து, அப்புறம் குரல்னு நீங்க மெதுவாப் போகலாம். வீடியோ அவசியமே இல்லை.

கடைக்கு வந்த அந்தத் தம்பி இப்பவும் தினம் அரை மணி நேரம் பேசறான், குரல் மட்டும். முன்கேமரா மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கான். அக்கா கொடுத்ததாம்.