கொஞ்சப் பணத்தில் கடலுக்கு ஒரு செயலி: தருவைகுளம் மீனவர் சந்திப்பில் ஆற்றிய உரை



தருவைகுளத்தில் பேசியதை, நேரில் வர முடியாத உங்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாப் படிங்க.

அரசாங்கம் ஒரு மென்பொருள் செய்யணும்னா முதல்ல வர்ற பதில் என்ன? "நிதி இல்லை." நிதி வந்துட்டா அடுத்து என்ன நடக்கும்? பெரிய விழா, பெரிய பேனர், ஆறு மாசம் கழிச்சு வேலை செய்யாத ஒரு செயலி. இதை நான் வெளியிலிருந்து சொல்லலை. மென்பொருள் வேலையில் இருந்தப்போ ஒரு அலுவலகத்துக்கு நாங்களே ஒண்ணு எழுதிக் கொடுத்தோம். நல்லாத்தான் ஓடிச்சு. மறு வருஷம் சர்வருக்குப் பணம் கட்ட எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லைன்னு அணைச்சுட்டாங்க. எழுதக் காசு இருந்தது, காப்பாத்தக் காசு இல்லை.

இப்போ எதிர்மாறான கதை ஒண்ணு சொல்றேன். 1998-ல் புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அவங்க செஞ்சது ரொம்ப எளிமை. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் இலவசமாப் போட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, கரையில் ஒலிபெருக்கியில் வாசிச்சாங்க. அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 அன்று பக்கத்திலிருக்கும் நல்லவாடுக்கு சிங்கப்பூரிலிருந்து ஊர்ப் பிள்ளை ஒருத்தர் போன் பண்ணி, கடல் பொங்குது, ஓடுங்கன்னார். அந்த மையத்து ஒலிபெருக்கியில்தான் அறிவிச்சாங்க. ஊரே வெளியேறியது. செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு கணினி, ஒரு போன், ஒரு குழாய் ஒலிபெருக்கி. ஆனா வருஷக்கணக்கா யாரோ அதை இயக்கிக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான் அன்னைக்கு அது வேலை செஞ்சது.

கரையில் இருக்கிறவனுக்கு ஒலிபெருக்கி போதும். ஆழ்கடலில் இருக்கிறவனுக்கு? நம்ம ஊர் செவுள்வலைப் படகுகள் நாள்கணக்கில் கடல்ல தங்குறவை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினா கைப்பேசி சிக்னல் செத்துப்போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ கன்னியாகுமரிக்காரங்களுக்கு நடந்தது இதுதான். கரையில் எச்சரிக்கை கொடுத்தாங்க. ஏற்கெனவே உள்ளே போனவங்களுக்கு அது போய்ச் சேரலை.

அதுக்கப்புறம் ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் ஜெமினி கருவியைக் கொண்டுவந்தது. இதுக்குன்னு புதுசா செயற்கைக்கோள் எதுவும் ஏவலை. விமானங்களுக்கு வழிகாட்ட ஏற்கெனவே இருந்த ககன் அமைப்பு வழியாகவே புயல் எச்சரிக்கையையும் மீன்வள இடத் தகவலையும் அனுப்பினாங்க. படகில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து புளூடூத் வழியா போனுக்கு. புத்திசாலித்தனமான சிக்கனம். குறை என்னன்னா, கேட்க முடியும், பதில் பேச முடியாது. "மூழ்குறோம்"னு சொல்ல வழியில்லை.

இப்போ வரும் டிரான்ஸ்பாண்டர்கள் அதைச் சரிசெய்யுது. இருவழித் தகவல், ஆபத்துப் பொத்தான், கூடவே 'நப்மித்ரா' செயலி. 2024 ஆகஸ்டில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தா படகுக்கு 36,400. இயந்திரத்துக்கு இது நியாயமான கணக்குதான். என் கேள்வி, இதை ஓட்டுற மென்பொருளைப் பத்தி.

கடல் எல்லையை நெருங்கினா அந்தச் செயலி எச்சரிக்கணும். நமக்கு இது சின்ன விஷயமா? 2023 அக்டோபரில் நம்ம ஊர்க்காரங்க 12 பேரை மாலத்தீவில் பிடிச்சாங்க. 2024 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படை 22 பேரைப் பிடிச்சது. அதில் 12 பேருக்குப் புத்தளம் நீதிமன்றம் போட்ட அபராதம் ஒரு குடும்பம் ஆயுசுக்கும் கட்ட முடியாத தொகை. ராத்திரி ரெண்டு மணிக்கு நீவாட்டில் படகு தானா நகரும்போது அந்தப் போன் சத்தமா, தமிழில், "எல்லை பக்கம்"னு கத்தணும். எழுத்தில் வந்தா யார் பார்ப்பா?

மொழியும் அப்படித்தான். மீன்வளத் தகவலில் ஆழத்தை மீட்டரில் போடுறாங்க. நம்மாளு பாகத்தில் அளக்கிறவர். காற்றை டிகிரியில் சொல்லாம, கச்சான், வாடை, கொண்டல்னு சொன்னா ஒரு நொடியில் புரியும். இதுக்கு எத்தனை கோடி ஆகும்? ஒரு பெருக்கல் கணக்கு, ஒரு சொற்பட்டியல். அதைச் சொல்ல இங்கேயே நூறு பேர் இருக்கீங்க. உங்களைக் கேட்காம விட்டதுதான் பெரிய வீண்செலவு.

எப்போ சோதிக்கிறதுன்னு கேட்பாங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எல்லா விசைப்படகும் கரையில் நிற்குது. அதைவிட நல்ல நேரம் ஏது? பெட்டியை மாட்டுறது, பழைய பதிப்பை மாத்துறது, டிரைவருக்குச் சொல்லித் தர்றது எல்லாத்தையும் அப்போ முடிக்கலாம். படகு உரிமையாளருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துட்டுப் போகக் கூடாது. அவர் கரையில் இருப்பார், சுக்கான் பிடிக்கிறது வேறாள்.

இன்னொண்ணு, பணம். நூறு ரூபாய் ஒதுக்கினா நாற்பதை முதல் நாளே எடுத்துப் பராமரிப்புக்குன்னு பூட்டி வைக்கச் சொல்றேன். செய்யும் வசதிகளைக் குறைச்சுக்கலாம். புயல், எல்லை, ஆபத்து அழைப்பு, மூணு போதும். மீன் சந்தை விலை, வாழ்த்துச் செய்தி, அமைச்சர் படம் எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். மூலநிரல் அரசுகிட்டயே இருக்கணும். ஒப்பந்தக்காரர் போனதும் பூட்டின கடையாயிடக் கூடாது.

படகில் பெட்டி மாட்டியிருக்கும் தோழர்கள் கீழே கமெண்டில் எழுதுங்க. அலாரம் கேட்குதா, போனை மாத்தினப்போ என்ன ஆச்சு, பழுதானா யார்கிட்ட போறீங்க? படகு எண்ணையும் பேரையும் பொதுவில் போட வேண்டாம். அடுத்த தடைக்காலத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் தொகுத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாக் கொடுக்கிறோம்.