ஆட்சேபம் எழுதுங்கள்

பட்டம் பெறும் இளையோரே,

ஹுத்தான் மெலிந்தாங் பிள்ளைகளுக்குப் பெர்னாம் ஆற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூர். அக்கரையில் உள்ளே போனால் வட சிலாங்கூர்ச் சதுப்புக் காடு. அதன் பீட் மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறியும் முழுதாய் மக்காத இலையும் வேரும் கட்டையும்தான். நீர் வடிந்தால் அந்த மண் அமுங்கிவிடும். பீட் மண்ணில் நட்ட செம்பனை, வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள்.

வெட்டிய மரத்தை வெளியே கொண்டுவர அந்தக் காட்டுக்குள் வாய்க்கால் தோண்டினார்கள். நீர் வடிந்தது, மண் காய்ந்தது, தீப்பிடித்தது. மேலே அணைத்தாலும் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருக்கும் தீ அது. ராஜா மூசா வனக் காப்பகத்தில் 2008 முதல் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் அமைப்பும் ஊர்மக்களும் அந்த வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மஹாங் மரக்கன்றுகளை நட்டார்கள்.

ஆனால் ஓர் அரசாணை காப்பகம் என்ற தகுதியையே நீக்கிவிட்டால், நட்ட கன்றுக்கு என்ன பாதுகாப்பு? ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையில் மலேசியா 1994-இல் இணைந்தது. ஆயினும் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அதிகாரம். ஆகவே சதுப்பு நிலத்தின் தலைவிதி மாநில அரசிதழில்தான் எழுதப்படுகிறது.

சிலாங்கூர் 2011-இல் தன் வனச் சட்டத்தைத் திருத்தி, காப்பகத்தை நீக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. 2020-இல் வட கோல லங்காட் வனக் காப்பகத்தை நீக்கும் அறிவிப்பு வந்தபோது, தெமுவான் பூர்வக்குடியினரும் பொதுமக்களும் 40,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்களை அனுப்பினார்கள். அப்படியும் காப்பகத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. மக்கள் விடவில்லை. 2021 செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. மறு ஆண்டே நாடாளுமன்றம், பொது விசாரணையைக் கட்டாயமாக்கித் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. அதையும் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றால்தான் அங்கே செல்லுபடியாகும்.

தோட்டங்களில் உழைத்த உங்கள் தாத்தா பாட்டிமாரிடம் காட்டை வெட்டலாமா என்று யாரும் கேட்டதில்லை. இன்று கேட்கச் சொல்லிச் சட்டம் வருகிறது. கணக்கியலோ தாதிமையோ பொறியியலோ, எதைப் படித்திருந்தாலும் அரசு அறிவிப்பைப் படியுங்கள். ஊராருக்கு விளக்குங்கள். கெடு முடியுமுன் ஆட்சேபம் எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம், அந்தத் தேசிய வனச் சட்டத் திருத்தம் நம் மாநிலத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.