வெளிநாட்டுப் பயணமும் கைத்தொலைபேசிக் காவலும்

மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்பது பழமொழி. வழிப்போக்கன் பொன்னையும் பணத்தையும் மடியில் முடிந்துகொண்டு நடந்த காலத்தில் எழுந்த மொழி அது. இன்று விமானம் ஏறுவோர் மடியிற் பொன் முடிவதில்லை. ஆயினும் கனம் குறைந்துவிடவில்லை. வங்கிக் கணக்கின் திறவுகோல், கடிதப் போக்குவரத்து, கடவுச்சீட்டின் படம், உற்றார் உறவினரின் முகவரிகள் யாவும் உள்ளங்கையில் அடங்கும் கைத்தொலைபேசியில் உள்ளன. அதனைக் காக்கும் வகையை அறிந்துகொள்வது பயண ஆயத்தங்களுள் முதன்மையானது.

பிறநாடு சென்ற ஒருவர் இணையத்தை இரு வழிகளில் அடையலாம். ஒன்று, விமான நிலையத்திலும் விடுதியிலும் கிடைக்கும் பொது வைஃபை. மற்றொன்று, கைத்தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு.

பொது வைஃபையின் இயல்பை வானொலி நேயருக்கு விளக்குவது எளிது. நிலையத்திலிருந்து புறப்படும் ஒலியை, கருவி வைத்திருப்போர் யாவரும் கேட்கின்றனர். கடவுச்சொல் இல்லாத வைஃபையும் அத்தகையதே. அதிற் செல்லும் செய்தியை அருகிலுள்ள எவரும் பற்றிக்கொள்ளலாம். 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பட்லர் என்பவர் ‘பயர்ஷீப்’ என்ற சிறு மென்பொருளை வெளியிட்டு இவ்வுண்மையை உலகறியச் செய்தார். ஒரே வைஃபையில் இருக்கும் அயலாரின் முகநூற் கணக்கினுள் நுழைய, அம்மென்பொருளுக்குச் சில சொடுக்குகளே போதுமாயிருந்தன. அதன் பின்னர் பெரிய தளங்கள் யாவும் செய்தியை மறைகுறியாக்கி அனுப்பும் முறைக்கு மாறின. இணைய முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குமாயின், அலையைப் பற்றுவோன் கையில் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியலே. ஆதலின் பொது வைஃபை அன்றிருந்த அளவுக்கு இன்று அஞ்சத்தக்கதன்று.

எனினும், ஒட்டுக்கேட்க இயலாத திருடன் வேடம் புனைந்து வருகிறான். விமான நிலைய வைஃபையின் பெயரையே தன் கருவிக்கும் சூட்டி வைக்கிறான். பயணியின் தொலைபேசி பெயரை நம்பி இணைகிறது. உடனே ஒரு பக்கம் தோன்றி, மின்னஞ்சல் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் கேட்கிறது. அவுஸ்திரேலியாவின் பேர்த், மெல்பேர்ண், அடிலெயிட் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் இவ்வாறு வலை விரித்ததாக ஒருவர்மீது 2024 இல் பொலிசார் குற்றஞ் சுமத்தினர். விமானத்திற் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தென்படுவதை ஊழியர் கவனித்ததிலிருந்தே அவ்விசாரணை தொடங்கியது.

இதிலிருந்து பெறப்படும் விதி ஒன்றுண்டு. இலவச வைஃபை எதுவும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. கேட்குமாயின் அவ்விடத்தை விட்டு விலகுதல் வேண்டும். தளத்தின் சான்றிதழ் பொருந்தவில்லை என்று தொலைபேசி எச்சரிக்கும்போது, அதனைத் தள்ளிவிட்டு மேலே செல்லலாகாது. கண்ட வைஃபையுடன் தானாக இணையும் ஏற்பாட்டைப் புறப்படுமுன் நிறுத்திவிடுதல் நன்று. வங்கி அலுவல்களுக்கு, சென்ற நாட்டின் சிம் அட்டையையோ இ-சிம்மையோ பயன்படுத்துவது மேல். வீபீஎன் என்னும் மறைவழியும் துணை செய்யும். ஆனால் சில நாடுகளில் அதன் பயன்பாட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளமையால், முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

அப்படியாயின் கைத்தொலைபேசி வலையமைப்பு முற்றிலும் குற்றமற்றதோ? அன்று. வெளிநாடு சென்றவரின் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி அவரைத் தேடிச் சென்றடைவது எப்படி? சென்ற நாட்டின் நிறுவனம், “இவர் இப்பொழுது எம்மிடம் இருக்கிறார்” என்று தாய்நாட்டு நிறுவனத்துக்கு அறிவிக்கிறது. எஸ்எஸ்7 எனப்படும் சைகை முறை இதற்கு உதவுகிறது. தொலைபேசி நிறுவனங்கள் மிகச் சிலவாயிருந்து ஒன்றையொன்று நம்பிய காலத்தில் வகுக்கப்பட்ட முறை அது. அறிவிப்பவர் மெய்யாகவே அறிவிக்கிறாரா என்று அது ஆராய்வதில்லை. இக்குறையை 2014 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 2017 இல் அதே நாட்டில் அது மெய்யான களவாயிற்று. திருடர் முதலிற் சிலரின் வங்கிக் கடவுச்சொற்களைக் கவர்ந்தனர். பின்னர் எஸ்எஸ்7 வழியாக, வங்கி அனுப்பிய ஒருமுறைக் குறியீடுகளைத் தம்மிடம் திருப்பிப் பணத்தை எடுத்தனர். ஆகவே, வங்கி இடந்தருமாயின், குறுஞ்செய்திக்குப் பதிலாகத் தொலைபேசியிலேயே குறியீட்டை உண்டாக்கும் செயலியை நாடுதல் நன்று.

நீண்டகாலம் தங்குவோர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்லும் இலங்கையர் பலர் அங்குச் சென்றதும் புதிய சிம்மைப் பொருத்திப் பழையதை மறந்துவிடுகின்றனர். வங்கியோ குறியீட்டைப் பழைய எண்ணுக்கே அனுப்புகிறது. நெடுநாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு வழங்குவதும் உண்டு. அவ்வாறு நேருமாயின், ஒருவர் சிந்திய வியர்வையின் கூலியைக் காக்கும் குறியீடு முன்பின் அறியாதவரின் கையிற் போய்ச் சேரும். பழைய எண்ணை உயிருடன் வைத்திருத்தல், அல்லது புறப்படுமுன் வங்கியில் எண்ணை மாற்றிப் பதிதல், இரண்டில் ஒன்றைத் தவறாது செய்தல் வேண்டும்.

தொலைபேசியே களவுபோனால் என் செய்வது? அதற்கான ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குகிறது. திரைக்கு வலிய பூட்டும், சிம்முக்குத் தனி இரகசிய எண்ணும் இடப்படல் வேண்டும். சிம்முக்குப் பூட்டு இல்லையேல் திருடன் அதனை வேறு கருவியிற் செருகிக் குறியீடுகளைப் பெற்றுக்கொள்வான். *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணையும், கணக்குகளின் மீட்புக் குறியீடுகளையும், வங்கியின் அவசர எண்ணையும் தாளில் எழுதி, தொலைபேசியோடு சேராத பையில் வைத்தல் நலம்.

இறுதியாக, காவல் பயணிக்கு மட்டும் உரியதன்று, ஊரில் இருப்போர்க்கும் உரியது. வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீட்டை ஏமாற்றிப் பெற்றவன், பயணியின் பெயரால் அவர் வீட்டாரிடமே, “அவசரம், பணம் அனுப்புக” என்று எழுதுவான். மகன் துன்பத்தில் இருக்கிறான் என்று எண்ணும் தாய் அடகு வைத்தேனும் பணம் அனுப்புவாள் என்பது அவனுக்குத் தெரியும். இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை இட்டு வைத்தால் அக்கணக்கை அவன் கைப்பற்றுவது அரிது. இதனினும் எளிய காவல் ஒன்றுண்டு. பணம் கேட்டு வரும் செய்தி எதுவாயினும், குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் அனுப்புவதில்லை என்று பயணியும் குடும்பத்தாரும் விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் தமக்குள் உடன்பட்டுக்கொள்வதே அது. அதற்குச் செலவும் இல்லை, தொழில்நுட்ப அறிவும் வேண்டியதில்லை.