திடல் யார் பெயரில் இருக்கிறது?



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ அரசியலோ பேசுவது வழக்கம். நாங்கள் கால்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இன்று நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணன் கையில் புத்தகம் இருந்த அளவுக்கு விசிலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். எந்தக் காலனியோடு ஆட்டம், எத்தனை கோல், யார் அடித்தது எல்லாம் அதில் இருக்கும். "நம்ம ஆட்டத்த நாமதாம்பா எழுதணும்" என்பார்.

ஏன் எழுத வேண்டும் என்பதற்குப் புள்ளலூரே சாட்சி. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்புவின் படை இங்கே கம்பெனிப் படையை முறியடித்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் சண்டை. அந்தப் போரில் இறந்த கம்பெனி அதிகாரிகளுக்கு இங்கே கல்தூண்கள் நிற்கின்றன. கம்பெனியின் சென்னைப் படையில் சிப்பாய்களாக நம் சேரி மக்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. எழுதப்படாதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

நம் கால்பந்துக்கும் இதே கதிதான். அறுவடை முடிந்த கழனியும், தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயும்தான் நம் மைதானம். ஏரி நிரம்பினால் நம் சீசன் முடிந்தது. கழனிக்காரர் உழவு ஓட்டினால் கோல் போஸ்ட்டுக்கு நட்ட கழியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஊருக்குள் நல்ல திடல் இருக்கும். அங்கே பொங்கலுக்கு டோர்னமென்ட் நடக்கும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பக்கத்து ஊர் ஒன்றில் நம் காலனி டீம் கோப்பை வாங்கியது. மறுவருடம் நமக்கு நோட்டீஸ் வரவில்லை. சண்டை போடவில்லை, திட்டவில்லை. நோட்டீஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போது அண்ணன் சொன்னதை நாங்கள் பல ஆண்டுகள் கழித்தே புரிந்துகொண்டோம். நமக்கு வேண்டியது டோர்னமென்ட் இல்லை, லீக் என்றார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? டோர்னமென்ட் என்பது அழைப்பு. திடலை வைத்திருப்பவர் விருப்பப்பட்டவரைக் கூப்பிடுவார், தோற்றவர் அன்றே வீட்டுக்குப் போவார். லீக் அப்படியல்ல. 1888இல் இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கியபோது வைத்த விதி எளிமையானது. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஒன்று தன் மைதானத்தில், மற்றொன்று எதிரணியின் மைதானத்தில். இந்த விதியை நம் கிராமத்தில் வைத்துப் பாருங்கள். நாம் ஊர்த் திடலுக்குப் போவோம். அவர்களும் காலனிக்கு வந்தாக வேண்டும். இங்கே வியர்க்க வேண்டும், இங்கே இருக்கிற குடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். வராவிட்டால் புள்ளி நமக்கு. சாதி கிராமத்தில் இது ஆட்ட விதி மட்டுமல்ல.

வட சென்னையின் கால்பந்து வரலாற்றை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். செங்கல்பட்டு, வட ஆற்காடு சேரிகளிலிருந்து போனவர்கள் பலர் பெரம்பூர் ரயில்வே பட்டறையையும், துறைமுகத்தையும், பக்கிங்ஹாம் கர்னாட்டிக் மில்லையும் தங்கள் உழைப்பால் ஓட்டினார்கள். 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்ததையும் அந்த மண் பார்த்தது. அதே தொழிலாளர் குடியிருப்புகளில் பந்து பரவியது. பிறகு ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று நிறுவன அணிகள் சென்னை லீக்கில் ஆடின. அந்த அணிகளில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஒரு பையனின் இடது கால் ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளமானது.

1996இல் மில் மூடப்பட்டது. வேலை போனது, பந்து போகவில்லை. 1990களின் இறுதியிலிருந்து வியாசர்பாடியில் உமாபதி, தங்கராஜ் போன்றவர்கள் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் படிப்பும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சி.க்காகக் கோல் அடித்தார். அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கே. "மினி பிரேசில்" என்று பத்திரிகைகள் எழுதின. திறமையைப் பாராட்டுவது எளிது. அந்தப் பிள்ளைகள் தினமும் கால் வைக்க ஒரு மைதானம் இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஆகவே கேள்வி நிலத்துக்குத்தான் வருகிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். பிழைப்புக்கான நிலத்துக்கே இந்த விலை என்றால் விளையாட நிலம் கேட்பது ஆடம்பரமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை தோழர்களே. உழைக்க மட்டும் பிறந்த உடம்பு என்று நம்மைச் சொன்னவர்களுக்கு, மகிழவும் இந்த உடம்புக்கு உரிமை உண்டு என்று சொல்லும் இடம் திடல். அது பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. நம் காலனியில் ஒரு பெண் பிள்ளை பந்தைத் தொட இன்னும் அம்மாவிடம் பத்து முறை அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை ஜனநாயகத்தின் பெருமை என்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குடவோலையில் பெயர் எழுதப் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். நமக்கு அங்கே இடமில்லை. இன்று கிராம சபையில் உட்கார நிலம் தேவையில்லை. பாபாசாகேப் தந்த அரசமைப்பு போதும். வருகிற கிராம சபையில் நாம் போய் உட்காருவோம். காலனிக்கு அருகிலுள்ள புறம்போக்கில் ஒரு இடத்தை விளையாட்டுத் திடல் என்று வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றத் தீர்மானம் கேட்போம். சுற்றியுள்ள எட்டு ஊர், எட்டு காலனிகளை அழைத்து, இரு மைதான விதியோடு ஒரு லீக்கைத் தொடங்குவோம்.

முதல் ஆண்டு மூன்று அணிதான் வரும் என்றால் மூன்று அணியோடு ஆடுவோம். வராத அணியின் பெயரையும் அட்டவணையில் எழுதி வைப்போம். அண்ணனின் நோட்டில் இன்னும் வெள்ளைப் பக்கங்கள் இருக்கின்றன.